ராத்தங்க ஓர் அரண்மனை!

பழங்காலத்து வீடு ஒன்றில் காசு கொடுத்துத் தங்கியிருக்கிறீர்களா?

நான் தங்கியிருக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்பு, அரையாண்டு லீவில், காரைக்குடிப் பக்கம். வாசலில் பன்னீர் தெளித்துச் சந்தனம் கொடுத்தார்கள். முற்றத்தைச் சுற்றி வழவழவென்று தேக்குத் தூண்கள். காலுக்கடியில் ஜில்லென்று ஆத்தங்குடிக் கல். கட்டிலில் ஏறுவதற்கென்றே ஒரு குட்டி முக்காலி! இரண்டு ராத்திரி ராஜபோகமாகக் கழிந்தது. கடைசி நாள் பில்லைப் பார்த்தபோது மட்டும் எனக்கு லேசாக வியர்த்தது.

என் மனைவிக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது. தூண் ஒன்றில் சாய்ந்துகொண்டு, "ஏங்க, உங்க அம்மாச்சி வீடு இப்படித்தான் இருக்கும்னு சொல்வீங்களே... உங்க ஊர்ப்பக்கமெல்லாம் இந்த மாதிரி தங்க முடியாதா?" என்று கேட்டாள்.

ஊர்ப்பக்கம் என்றால் அரியலூர், பெரம்பலூர். என் தாய்வழிச் சொந்தம் முழுக்க அங்கேதான். நான் பதில் சொல்லவில்லை. அந்தத் தூணை ஒருமுறை கையால் தடவிப் பார்த்துக்கொண்டேன். (ஏன் என்பதை அப்புறம் சொல்கிறேன்.)

கேள்வி மட்டும் மனசை விட்டுப் போகவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, குடும்பத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு சுற்றிவிட்டு வந்தேன்.

அரியலூர், பெரம்பலூர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? சிமென்ட் ஃபேக்டரி. திருச்சி போகிற வழியில் டீ குடிக்க வண்டி நிற்கும் இடம். அப்புறம், 'ரெண்டும் ஒரே மாவட்டமா, வேற வேறயா?' என்ற குழப்பம். குழப்பத்துக்கு உங்களைக் குற்றம் சொல்ல முடியாது. 1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001-ல் பெரம்பலூரிலிருந்து அரியலூர் பிரிந்தது. 2002-ல் மறுபடி ஒன்றாகச் சேர்த்தார்கள். 2007 நவம்பரில் மறுபடி பிரித்தார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டை தோற்றது!

ஆனால், வந்தவர்களைத் தங்கவைப்பதில் இந்தச் சீமைக்கு ஒரு காலத்தில் இருந்த பெயர் லேசுப்பட்டதல்ல. வீரர்கள், வித்வான்கள், பிற்காலத்தில் தமிழுக்கே தாத்தாவான ஒரு சின்னப் பையன்... அட, சாமிகளே இங்கே வந்து வருஷக்கணக்கில் தங்கியிருக்கின்றன!

சென்னையிலிருந்து போனால் பெரம்பலூருக்குச் சுமார் 17 கிலோமீட்டர் முன்னாலேயே ரஞ்சன்குடிக் கோட்டை வந்துவிடும். நெடுஞ்சாலையில் பறப்பவர்களில் நூற்றில் ஒருவர் வண்டியை நிறுத்தினால் அதிசயம். 17-ம் நூற்றாண்டில், ஆற்காடு நவாபின் கீழிருந்த ஜாகீர்தார் ஒருவர் கட்டியது. வெளியே அகழி, வட்டவட்டமாகக் கொத்தளங்கள், உள்ளே அரண்மனை, குளிப்பதற்குக் குளம். இப்போதைய ரிசார்ட்டுக்கு வேண்டிய ஐட்டங்கள் அத்தனையும் அப்போதே இருந்திருக்கின்றன!

1751-ல் இந்தக் கோட்டை வாசலில் இரண்டு கோஷ்டி விருந்தாளிகள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வந்து நின்றார்கள். ஆற்காடு நவாப் பதவிக்கு முகமது அலிக்கும் சந்தா சாகிபுக்கும் சண்டை நடந்துகொண்டிருந்த நேரம். முகமது அலி பக்கம் ஆங்கிலேயர்கள், கேப்டன் ஜின்ஜென் தலைமையில். சந்தா சாகிபு பக்கம் பிரெஞ்சுக்காரர்கள். திருச்சிக்குப் போகிற ராஜபாட்டையில் கோட்டை இருந்ததால், இரண்டு பேருக்குமே உள்ளே இடம் வேண்டும். கோட்டைத் தலைவர் என்ன செய்தார் தெரியுமா? இவர்களிடமும் பேசினார், அவர்களிடமும் பேசினார், நாளைக் கடத்தினார். 'ஜெயிக்கிறவன் யாரென்று தெரியட்டும், அப்புறம் கதவைத் திறக்கலாம்' என்கிற கணக்கு!

பொறுமையிழந்த ஆங்கிலேயர்கள் கோட்டைக்கு வெளியே இருந்த பேட்டையைக் கொளுத்தினார்கள். கோட்டையைப் பிடிக்க முடியவில்லை. அதற்குள் சந்தா சாகிபின் பெரும்படை வந்துவிட, வெள்ளைச் சிப்பாய்களுக்குத் திடீரென்று பீதி பிடித்துக்கொண்டது. அதிகாரிகள் கத்தியும் கேட்காமல் ஓட்டம் பிடித்தார்கள். ஊட்டத்தூர் வழியாகத் திருச்சி வரை பின்வாங்கல். அந்தப் படையில் அரிசி, மாடு, தீவனம் என்று சப்ளை விவகாரத்தைக் கவனித்துக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் இருந்தார். பெயர், ராபர்ட் கிளைவ். 1744-ல் சென்னைக்குக் குமாஸ்தாவாக வந்தவர். இந்த அவமானத்தை நேரில் பார்த்த அதே வருஷத்திலேயே ஆற்காட்டைப் பிடித்து, சரித்திரத்துக்குள் நுழைந்துவிட்டார். (நான் படித்ததும் பி.காம்.தான். கணக்குப்பிள்ளைகளை லேசாக எடைபோடாதீர்கள்!)

கோட்டை இப்போது மத்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. நன்றாகவே இருக்கிறது. ஆனால் அது பார்த்துவிட்டுத் திரும்புகிற இடம். தங்க முடியாது.

பெரம்பலூரிலிருந்து கிழக்கே அரியலூர்ப் பக்கம் திரும்பினால் இன்னொரு விருந்தாளியின் கதை ஆரம்பமாகிறது. 1855-ல் பிறந்த உ.வே.சாமிநாதையர். சொந்த ஊர் பாபநாசம் பக்கத்து உத்தமதானபுரம் என்றாலும், அவருடைய பிள்ளைப்பிராயத்தின் பெரும்பகுதி இந்த வட்டாரத்தில்தான் கழிந்தது. அப்பா வேங்கடசுப்பையர் சங்கீத வித்வான், கதை சொல்பவர். நிலையான வருமானம் கிடையாது. எந்த ஊர் கூப்பிட்டதோ அந்த ஊருக்குக் குடும்பம் மூட்டை கட்டியது. அரியலூர், குன்னம், கார்குடி, காரை, செங்குணம்... போன இடத்திலெல்லாம் ஊர்க்காரர்கள் தங்க இடம் கொடுத்தார்கள், நெல் அளந்தார்கள். அதைவிட முக்கியம், பையனுக்குப் பாடமும் சொன்னார்கள்! அரியலூரில் சடகோபையங்கார். குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை. செங்குணத்தில் விருத்தாசல ரெட்டியார் என்கிற நிலக்காரர், யாப்பருங்கலக்காரிகை நடத்தினார்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு நிலக்காரர், வேறு ஜாதிக்காரப் பையன் ஒருவனை வீட்டுக்கு வரவழைத்து, கூலி வாங்காமல் செய்யுள் இலக்கணம் கற்றுக்கொடுக்கிறார். அந்தப் பையன் 1871-ல் மாயவரம் போய் மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்கிறான். 1887-ல் சீவக சிந்தாமணி அச்சாகிறது. 1892-ல் சிலப்பதிகாரம். 1894-ல் புறநானூறு. இந்த ஊர்களின் கதவுகள் திறக்காமல் போயிருந்தால் பையன் வேறு ஏதாவது உத்தியோகத்துக்குப் போயிருப்பான். தாத்தா இதையெல்லாம் 'என் சரித்திரம்' என்று 1940-லிருந்து ஆனந்த விகடனில் தொடராக எழுதினார். 1942-ல் அவர் காலமாகும்வரை வந்தது. படித்தால், ஆள் ஆளாக, ஊர் ஊராக நன்றி சொல்லிக்கொண்டு போவார்.

அந்த வீடுகளைத் தேடி நான் அலையவில்லை. மண் சுவரும் கூரையும் நூற்றைம்பது வருஷம் தாங்காது. தாத்தா புகழ் பெற்ற பிறகு சென்னை திருவல்லிக்கேணியில் வாழ்ந்த 'தியாகராஜ விலாசம்' நல்ல செங்கல் கட்டடம். அதையே 2012-ல் இடித்துவிட்டோம். செங்குணத்துக் கூரை வீட்டைக் கேட்க நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

சரி, சாமிகள் விஷயத்துக்கு வருகிறேன்.

அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் போகிற வழியில் உடையார்பாளையம். இன்றைக்குப் பஸ்ஸில் போகிறவருக்கு அது ஒரு ஸ்டாப், அவ்வளவுதான். 300 வருஷத்துக்கு முன்னால் சுற்றிலும் காடு சூழ்ந்த பாளையம். அதுதான் அதன் பாதுகாப்பு. 1688-ல் மொகலாயப் படை வருகிறது என்ற செய்தி காஞ்சிபுரத்தில் பரவியது. வரதராஜர், ஏகாம்பரநாதர், காமாட்சி ஆகிய மூன்று கோயில்காரர்களும் கூடிப் பேசினார்கள். சாமி விக்கிரகங்களைப் பிணம்போல் கட்டி, பாடையில் வைத்து, இழவு ஊர்வலம் மாதிரி ஊரைவிட்டுக் கடத்தினார்கள் என்று சொல்லப்படுகிறது. ஒளித்துவைக்க அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் உடையார்பாளையம்!

ஏன் உடையார்பாளையம்? காடு ஒரு காரணம். இன்னொன்று பழைய பந்தம். இந்த ஜமீன்தார்களின் பெயருக்கு முன்னால் 'கச்சி' என்று ஒரு சொல் வரும். கச்சிக் கல்யாணரங்கர், கச்சி யுவரங்கர் என்று. கச்சி என்றால் காஞ்சி. தங்கள் பூர்வீகமே காஞ்சிபுரம் என்பது அந்தக் குடும்பத்தின் நம்பிக்கை. ஊரிலிருந்து சொந்தக்காரர் வந்தால் நாம் என்ன செய்வோம்? அதைத்தான் பாளையக்காரரும் செய்தார். இடம் கொடுத்தார், பூஜைக்கு ஏற்பாடு செய்தார்.

விருந்து நீண்டது. ஒன்றல்ல, இரண்டல்ல, 22 வருஷம்! காஞ்சிபுரத்தில் நிலைமை சரியாகி, 'சாமியைக் கொடுங்கள், போகிறோம்' என்று கேட்டபோதுதான் வினை வந்தது. பாளையக்காரருக்கு வரதராஜரைப் பிரிய மனசில்லை. தர மாட்டேன் என்றுவிட்டார். கடைசியில் ஆத்தான் ஜீயர் என்கிற வைஷ்ணவ ஆசாரியர், தன் சீடரான லாலா தோடர்மால் என்கிற படைத்தலைவரின் உதவியைக் கேட்டார். அவர் படையோடு வந்து மிரட்டியபிறகுதான் 1710-ல் வரதராஜர் காஞ்சிபுரம் திரும்பினார். இந்தச் சேதி அங்கே கல்வெட்டாகவே இருக்கிறது. அடுத்த தடவை போனால் தேடிப் பாருங்கள். தோடர்மாலுக்கும் அங்கே சிலை உண்டு. விருந்தாளியை அனுப்ப மறுத்து, பட்டாளம் வந்து அழைத்துப்போன வீடு உலகத்தில் வேறெங்காவது இருக்கிறதா, எனக்குத் தெரியாது.

தங்கக் காமாட்சியோ காஞ்சிக்குத் திரும்பவே இல்லை. உடையார்பாளையத்திலிருந்து தஞ்சாவூர் போய், இன்றைக்கும் மேலவீதியில் பங்காரு காமாட்சியாகக் குடியிருக்கிறாள்.

சாமிகள் போன பிறகும் சங்கீதம் இருந்தது. 19-ம் நூற்றாண்டில் கனம் கிருஷ்ணையர் இந்த அரண்மனையின் ஆஸ்தான வித்வான். பக்கத்துத் திருக்குன்றம்தான் அவர் ஊர். உ.வே.சா.வின் அப்பாவுக்கு அம்மான். குருவும் அவரே. ஜமீன்தார் கொஞ்சநாள் பாராமுகமாக இருந்தபோது, கோபத்தை நேரடியாகச் சொல்லாமல், தலைவி தலைவனிடம் ஊடுகிற மாதிரி ஒரு பதமாகக் கட்டிப் பாடியே காரியத்தைச் சாதித்த மனுஷர். நம் ஆபீஸில் இன்க்ரிமென்ட் கேட்க இப்படி ஒரு வழி இருந்தால் எப்படி இருக்கும்!

அந்த அரண்மனையைப் பார்க்கப் போனேன். வெளியிலிருந்துதான். தூண்கள் நிற்கின்றன. சுதை வேலைப்பாடு அங்கங்கே மிச்சமிருக்கிறது. மற்றபடி சிதைவு. சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தது. பழைய கட்டடத்துக்கு அரசங்கன்றைவிடப் பெரிய எதிரி கிடையாது. விரல் தடிமன் இருக்கும்போது பிடுங்காவிட்டால், பத்து வருஷத்தில் வேர் சுவரை இரண்டாகப் பிளந்துவிடும். பிடுங்குவதற்கு ஏணியும் ஓர் ஆளும் அரைநாள் கூலியும் போதும். அந்த அரைநாள் கூலியை யார் கொடுப்பது என்பதுதான் கேள்வி.

1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. வந்தது நல்லதுதான். உழுதவனுக்கு நிலத்தில் பாத்தியதை கிடைத்தது. ஆனால் ஒரு கணக்குப்பிள்ளையாகப் பார்த்தால் அரண்மனைகளுக்கு என்ன ஆயிற்று? வரவு நின்றது, செலவு நிற்கவில்லை. ஓடு மாற்ற வேண்டும், வெள்ளையடிக்க வேண்டும், கரையான் பார்க்க வேண்டும். இருபது பேர் வேலை பார்த்த வீட்டில் இரண்டு பேர் மிஞ்சினார்கள்.

இங்கே கொஞ்சம் கணக்குப் பாடம். பயப்படாதீர்கள், ஒரு பாராதான். கட்டடம் வருஷாவருஷம் தேய்கிறது என்பது வருமான வரிக்காரர்களின் சித்தாந்தம். தேய்மானம், அதாவது டெப்ரிசியேஷன். குடியிருக்கிற வீட்டுக்கு 5 சதவிகிதம். அதே வீடு ஹோட்டலானால் 10 சதவிகிதம். மிச்சமிருக்கிற மதிப்பில் மறுபடி 10, அதில் மறுபடி 10 என்று கழித்துக்கொண்டே போனால், ஒரு லட்ச ரூபாய்க் கட்டடம் ஏழே வருஷத்தில் பாதிக்கும் கீழே வந்துவிடும். நூறு வருஷம் கழித்து? 2 ரூபாய் 66 காசு! பேரேட்டில் அந்தக் கட்டடத்துக்கு அவ்வளவுதான் மரியாதை. ஆனால் காரைக்குடியில், அந்த 2 ரூபாய் 66 காசு வீட்டில் ஒரு ராத்திரி படுப்பதற்கு நாம் ஆயிரக்கணக்கில் கொடுக்கிறோம். காலேஜில் எனக்கு இந்த முரண்பாட்டை யாரும் சொல்லித்தரவில்லை.

இதைச் சரியாகப் புரிந்துகொண்டவர் இங்கிலாந்தில் ஒருவர் இருந்தார். ஜான் ஸ்மித், பேங்க்காரர். 1965-ல் அவரும் மனைவி கிறிஸ்டியனும் சேர்ந்து 'லேண்ட்மார்க் டிரஸ்ட்' என்று ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். பெரிய பெரிய மாளிகைகளைக் காப்பாற்ற ஏற்கெனவே ஆள் இருந்தார்கள். இவர்கள் குறிவைத்தது யாரும் சீந்தாத சின்னக் கட்டடங்களை. இடிபாடாகக் கிடந்த கிராமத்து வீடு, காவல் கோபுரம், கால்வாய்க் காவலாளி வீடு. அவர்கள் விருந்தாளிகளுக்குத் திறந்துவிட்ட முதல் இடமே வேல்ஸில் ஒரு தேவாலயத்தை ஒட்டியிருந்த குட்டி வீடுதான். இப்போது சுமார் 200 இடங்கள்.

சஃபோல்க்கில் பர்ட்டன் கிரீன் என்று 13-ம் நூற்றாண்டு மரவீடு ஒன்று. வாசல்வரை கார் போகாது. பெட்டி படுக்கையைத் தள்ளுவண்டியில் வைத்து, வயல் வழியாக நீங்களே தள்ளிக்கொண்டு போக வேண்டும். டிவி கிடையாது. இருந்தும் ஜனங்கள் மாசக்கணக்கில் முன்கூட்டியே புக் செய்துவிட்டுக் காத்திருக்கிறார்கள்! இதில் கணக்கு எப்படி என்றால், வீட்டை ஒருமுறை தூக்கி நிறுத்துவதற்கு நன்கொடை. அதன்பிறகு ஓடு மாற்றுவதும் வெள்ளையடிப்பதும் விருந்தாளி கொடுக்கிற வாடகையில். வீடு தன் சாப்பாட்டைத் தானே சம்பாதித்துக்கொள்கிறது.

நம்மிடமும் உண்டு. ராஜஸ்தானில் 15-ம் நூற்றாண்டு நீம்ரானா கோட்டையை இடிபாடாக 1986-ல் வாங்கி, 1991-ல் தங்குமிடமாகத் திறந்தார்கள். நம் காரைக்குடியில் 'பங்களா' 1999-ல் திறந்தது. கானாடுகாத்தானில் 'விசாலம்', ஒரு செட்டியார் தன் மகளுக்காகக் கட்டிய வீடு. செட்டிநாட்டில் இடிந்ததும் விற்றதும்தான் அதிகம். ஆனால் பிழைத்த வீடுகளில் இப்படிப் பிழைத்தவையும் இருக்கின்றன.

அரியலூர்ப் பக்கம் இதைச் செய்ய ஆள் கிடைத்தால் இன்னொரு சிக்கல் வரும். அது இந்த மண்ணிலேயே இருக்கிறது. சுமார் பத்துக் கோடி வருஷத்துக்கு முன்னால் இதெல்லாம் கடல். சிப்பியும் நத்தையும் படிந்து படிந்து சுண்ணாம்புக் கல்லாகிக் கிடக்கிறது. அதனால்தான் இத்தனை சிமென்ட் ஆலைகள். பழைய வீட்டின் பரம விரோதி யார் தெரியுமா? அதே சிமென்ட்தான்! அந்தக்காலச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். கடுக்காய் ஊறவைத்த தண்ணீர், கருப்பட்டி எல்லாம் சேர்த்து அரைத்த சாந்து. அது மூச்சுவிடும். மழையில் ஈரம் உறிஞ்சினாலும் வெயிலில் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமென்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். உப்புப் பூத்து, செங்கல் மாவாக உதிரும். 'பலமா இருக்கட்டும்னு சிமென்ட் பூசினோம் சார், அதுக்கப்புறம்தான் சுவரே கொட்டுது' என்று நொந்துகொள்ளும் வீட்டுக்காரர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சுண்ணாம்புக்கு மேல் குடியிருக்கிற ஊரில், சுண்ணாம்பு பூசத் தெரிந்த கொத்தனாருக்கு வெளியூருக்குப் போன் போட வேண்டியிருக்கிறது.

ஆள் குடியிருக்காத அரண்மனை கடைசியில் என்னவாக ஆகும்? பதில் ஜெயங்கொண்டம் தாண்டி, கங்கைகொண்ட சோழபுரத்தில் இருக்கிறது.

கோயிலை எல்லோருக்கும் தெரியும். 2004-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. டூரிஸ்ட் பஸ்கள் வரிசையாக நிற்கின்றன. கோயிலிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி மாளிகைமேடு. ராஜேந்திர சோழனின் அரண்மனை இருந்த இடம். அங்கே நான் போனபோது எங்களைத் தவிர ஆடு மேய்க்கிற ஒரு பெரியவர் மட்டும் இருந்தார். கல்வெட்டுகளில் 'சோழகேரளன் திருமாளிகை' என்றெல்லாம் பெயர் வருகிறது. சுமார் 250 வருஷம் சோழ சாம்ராஜ்யத்தின் தலைநகர். 1980-லிருந்து பல தடவை தோண்டியிருக்கிறார்கள். கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், தந்தத் துண்டுகள், சீனப் பீங்கான் சில்லுகள் கிடைத்தன. கட்டடம்? தரையோடு தரையாகச் செங்கல் அஸ்திவாரம் மட்டும். மேலே இருந்ததெல்லாம் எங்கே போயிற்று? சுற்றுவட்டாரத்தில் பல தலைமுறைகளாகச் செங்கல் தேவைப்பட்டவர்கள் இங்கே வந்து தோண்டி எடுத்துப்போனார்கள். அவர்களைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. ராஜா போய்விட்டான், செங்கல் சும்மா கிடக்கிறது, வீட்டில் அடுப்பங்கரைச் சுவர் விழுந்துவிட்டது. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

திட்ட வேண்டியவர்கள் வேறு. 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் கீழணை கட்டினார்கள். சர் ஆர்தர் காட்டனின் திட்டம். பாசனத்துக்கு அதனால் நல்ல பலன், சந்தேகமே இல்லை. ஆனால் கல்? கோயிலின் சுற்று மதில் பெயர்க்கப்பட்டது. சிற்பக் கற்களும் போயின. 1855-ல் வெளியான ஓர் ஆங்கில கெஜட்டியரிலேயே இது பதிவாகியிருக்கிறது. அதை எழுதிய வெள்ளைக்காரருக்கே பொறுக்கவில்லை. ஏழை ஜனங்கள் தடுக்கப் பார்த்தார்கள், அரசாங்கத்தை மதிக்காத குற்றத்துக்காக அவர்களுக்குத் தண்டனைதான் கிடைத்தது என்கிறார். கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித்தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். அது நிறைவேறவே இல்லை என்பதையும் எழுதிவைத்திருக்கிறார்.

அணைக்கரை வரை போனேன். மதகு மதகாகத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. என் பையன், "எதுப்பா ராஜேந்திர சோழன் கல்லு?" என்று கேட்டான். நானும் எட்டி எட்டிப் பார்த்தேன். பாசி பிடித்த கல்லில் எது எதுவென்று எப்படிச் சொல்வது? மீன் வறுவல் வாங்கிக் கொடுத்து அழைத்து வந்தேன்.

அன்று ராத்திரி தங்கியது மாமா வீட்டில். உடையார்பாளையத்துக்குப் பக்கத்துக் கிராமம். அம்மாச்சி வீடு இருந்த அதே மனையில் கட்டிய கான்கிரீட் வீடு.

தூணைத் தடவிய விஷயத்தை அப்புறம் சொல்கிறேன் என்றேனல்லவா?

2001. நான் பி.காம். முடித்து ஓர் ஆடிட்டர் ஆபீஸில் ஒட்டிக்கொண்டிருந்தேன். அம்மாச்சி போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. முற்றம், இரண்டு பக்கமும் திண்ணை, நாட்டு ஓடு, ஆறு தேக்குத் தூண்கள். மழைக்கு ஒழுகியது. மாமாக்கள் மூன்று பேருக்கும் பங்கு. "மாப்ளே, நீ கணக்குப் படிச்சவன். என்ன பண்ணலாம்னு ஒரு கணக்குப் போட்டுச் சொல்லு" என்றார் பெரிய மாமா. நான் போட்டேன். வீட்டின் வயது இத்தனை, தேய்மானம் போக மதிப்பு இவ்வளவு, ஓடு மாற்ற இவ்வளவு, வருமானம் பூஜ்யம். ஒரு முழுத்தாளில் அழகாகக் கோடு போட்டு எழுதி, கீழே இரட்டைக் கோடும் இழுத்து, "இடிச்சுடறதுதான் மாமா புத்திசாலித்தனம்" என்றேன். எல்லோரும் என்னைப் பெருமையாகப் பார்த்தார்கள்.

காரைக்குடியிலிருந்து பழைய சாமான் வியாபாரி ஒருவர் லாரி கொண்டுவந்தார். ஆறு தூணும் சேர்த்து ஒன்பதாயிரம். நிலைக்கதவுக்கும் ஊஞ்சல் பலகைக்கும் தனி. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் போய்ப் பாருங்கள், இப்படி ஊர் ஊராக வந்த தூண்கள் சாய்த்துவைத்திருக்கும். அங்கிருந்து எங்கெங்கோ போகும். நாங்கள் தங்கிய ஹோட்டலுக்கும் போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். எங்கள் தூண் ஒன்றில் நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது காம்பஸால் என் இனிஷியலைச் செதுக்கி, அடி வாங்கியிருக்கிறேன். அதைத்தான் தடவிப் பார்த்தேன். இல்லை. அங்கே இரண்டு ராத்திரிக்கு நான் கட்டிய பில், அந்த ஒன்பதாயிரத்தைப் போல் மூன்று மடங்கு!

காலையில் காபி குடிக்கும்போது மாமா சொன்னார்: "மாப்ளே, எதுத்த வீட்டுக்காரரு உன்னைப் பாக்கணும்னு ரெண்டு நாளா கேட்டுட்டிருக்காரு. வீட்டை இடிச்சுட்டு மாடி எடுக்கலாமான்னு ஒரு கணக்குப் போட்டுத் தரணுமாம். அன்னிக்கு நீ போட்ட கணக்கை நான்தான் சொல்லிவெச்சேன்."

போனேன். திண்ணை, முற்றம், நாட்டு ஓடு. எங்கள் வீட்டுக்கு ஒட்டிப் பிறந்த தம்பி மாதிரி இருந்தது. வெள்ளைத்தாள் ஒன்று வாங்கி, இந்தமுறை வரவுப் பக்கத்தை முதலில் எழுதினேன். இரண்டு அறை, ராத்திரிக்கு ஆயிரத்தைநூறு, வருஷத்தில் 60 நாள் ஆள் வந்தால் போதும், ஒரு லட்சத்து எண்பதாயிரம். சாப்பாடு, ஆள் கூலி, மராமத்து எல்லாம் போக எண்பதாயிரம் நிற்கும். ஓடு மாற்றி, சுண்ணாம்பு பூசி, பாத்ரூம் கட்ட எட்டு லட்சம். போட்ட காசு எடுக்கப் பத்து வருஷம். கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வருகிற பஸ் கூட்டமெல்லாம் ராத்தங்கக் கும்பகோணம் ஓடுவதையும் எடுத்துச் சொன்னேன்.

பெரியவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இங்கெல்லாம் யாரு தம்பி காசு குடுத்து வந்து படுப்பாங்க? கொசு வேற கடிக்குது."

மகன் சிங்கப்பூரில் இருக்கிறார், சித்திரையில் வருகிறார். அவரிடம் தாளைக் காட்டிவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.